காவலூரின் உச்சியில் எம்87

பங்குனி மாத நள்ளிரவில், வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரின் உச்சிக்கு நேரே ஒரு ராட்சத கேலக்ஸி கடந்து போகிறது. அதன் பெயர் எம்87. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிமிர்ந்து நின்றாலே அதைப் பிடித்துவிடலாம்.

அது இருப்பது கன்னி என்னும் கேலக்ஸிக் கொத்தில். அங்கிருந்து ஒளி வந்து சேர ஏறத்தாழ 5.4 கோடி ஆண்டுகள். சின்னத் தொலைநோக்கியில் நடுவில் வெளிச்சமாகவும் ஓரத்தில் கரைந்தும் ஒரு பஞ்சு உருண்டையாகத் தெரியும். நம் பால்வீதிக்கு இருக்கும் சுருள் கரங்கள் இதற்கில்லை. இளம் நீல நட்சத்திரங்களும் அரிது. நீள்வட்ட கேலக்ஸி என்பது இதுதான்.

இந்த வகை கேலக்ஸி எப்படி உருவானது? சுருள் கேலக்ஸிகள் மோதி ஒன்றானதின் மிச்சமே என்ற கருத்தை வானியலாளர்களான டூம்ரே சகோதரர்கள் 1972இல் முன்வைத்தார்கள். ஆனால் பெரிய கொத்துகளுக்குள் கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அந்த வேகத்தில் இரண்டு எதிர்ப்பட்டால் ஒட்டாது, ஊடுருவிப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பவர், லூசி, எல்லிஸ் என்ற வானியலாளர்கள் மூவரும் 1992இல் கன்னி, கோமா கொத்துகளின் நீள்வட்ட கேலக்ஸிகளை அளந்தபோது, ஒரே பிரகாசம் கொண்டவற்றின் நிறம் அச்சாக ஒத்துப்போனது. அவற்றின் நட்சத்திரங்கள் ஆளுக்கொரு காலத்தில் பிறந்திருந்தால் நிறம் சிதறியிருக்கும். ஆக, அந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டன.

நட்சத்திரங்களின் வயது வேறு, அவை குடியிருக்கும் கேலக்ஸி உருவெடுத்த வயது வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் முடிச்சு அவிழும். கொத்து பெரிதாகும் முன், நிதானமாக நகர்ந்த சிறு குழுக்களில் கேலக்ஸிகள் இணைந்தன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்த சிலந்திவலை கேலக்ஸியில் அது கண்கூடு: 1000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளியில், பல குட்டி கேலக்ஸிகள் நடுவிலுள்ள ஒன்றை நோக்கி விழுகின்றன.

பிறகும் தீனி நிற்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1943இல் ஒரு கணக்கைத் தந்தார். நட்சத்திரக் கூட்டத்தினூடே ஓடும் பொருளுக்குப் பின்னால் மற்றவை சற்றே நெருங்கித் திரண்டு, அதைப் பின்னிழுக்கும். அவர் எழுதியது நட்சத்திரங்களுக்காக. கொத்துக்குள் விழும் கேலக்ஸியும் அப்படியே வேகம் இழந்து மையத்தில் அமிழ்கிறது.

எம்87இன் நடுவில் 650 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை பீய்ச்சும் தாரை, சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாமல் சூடாக்குகிறது. குளிராத வாயுவில் புது நட்சத்திரம் பிறக்காது. வளர்ச்சி வேண்டுமென்றால் அடுத்ததை விழுங்கத்தான் வேண்டும். கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள் எம்87 நடுத்தர கேலக்ஸி ஒன்றை முழுசாக விழுங்கியதன் தடயம் 2015இல் வெளியானது.