சாயச் சட்டை அலுத்துவிட்டதா? காட்டுக்குள் ஒரு டப்பா காத்திருக்கிறது

அமெரிக்காவின் கோடைக்கால முகாம்களில் கைவேலை என்றாலே பெரும்பாலும் சாயச் சட்டைதான். வெள்ளை பனியனை முறுக்கி, ரப்பர் வளையம் மாட்டி, நிறம் நிறமாகச் சாயம் ஊற்றி, ஓர் இரவு வைத்திருந்து பிரிப்பார்கள். நம் மதுரைச் சுங்குடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். முதல் வருடம் பிரித்துப் பார்க்கும்போது பிள்ளையின் முகம் மலரும். நான்காவது வருடம் அலமாரியில் ஏற்கெனவே மூன்று சட்டைகள் கிடக்கும். ‘இதேதானா?’ என்று அலுத்துக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த வயதில்தான் பலர் முகாமே வேண்டாம் என்று கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதே கைபேசியைக் கையில் கொடுத்துக் காட்டுப் பாதையில் நடக்கவைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிய கருவி, அதன்பின் சில மீட்டருக்குள் இடம் காட்டியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களிலேயே தேடிப்போனவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் இப்படி மறைத்த டப்பாக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

தேடுவதில் பிள்ளைகள் கற்கும் கணக்கு சுவையானது. அட்சரேகையில் ஒரு கலை என்பது சுமார் 1,852 மீட்டர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட விலகாது. முதல் இலக்கம் மாறினால் 185 மீட்டர் தள்ளிப்போய் நிற்போம்! சரியாகவே பதிந்தாலும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே சமிக்ஞை தடுமாறும். பத்து மீட்டர் பக்கத்தில் கொண்டுவிட்டுக் கருவி கைவிரித்துவிடும். மீதியைக் கண்தான் தேட வேண்டும். மரப்பொந்து, வேர் இடுக்கு, இயல்பாக விழுந்ததுபோல் இல்லாத சுள்ளிக் குவியல் — இவற்றைக் கவனிக்கப் பிள்ளை தானாகவே பழகிக்கொள்கிறது.

டப்பாவுக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். பெயரும் தேதியும் எழுத வேண்டும். சிறு பொம்மை, கோலிக்குண்டு ஏதாவது எடுத்தால், அதற்கு ஈடானதை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக்கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும். நில உரிமையாளரின் அனுமதியின்றி எங்கும் மறைக்கவும் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், பாதையின் கடினம் என இரண்டு மதிப்பெண்கள், 1 முதல் 5 வரை, தரப்பட்டிருக்கும். முதல்முறை இரண்டுமே ஒன்றரையைத் தாண்டாததைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். அந்த நாட்டுக் காடுகளில் மூவிலை நச்சுக்கொடி உண்டு, உண்ணிகளும் உண்டு. முழுக்கால்சட்டை அணிவித்து, வீடு திரும்பியதும் காது மடலுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பார்த்துவிடுங்கள். கண்டெடுத்த டப்பாவை, அடுத்து வருபவருக்காக, இருந்த இடத்திலேயே இலைபோட்டு மூடிவிட்டு வர வேண்டும்.