விற்பதற்கு முன் உள்ளே எட்டிப் பாருங்கள்

சுவீடனிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் லார்சன், ஆகஸ்ட் லார்சன் சகோதரர்கள் சிகாகோவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிட்டார் செய்தார்கள். ஒன்றில்கூடத் தங்கள் பெயரை வியாபாரப் பெயராகப் போட்டுக்கொள்ளவில்லை. 1900இல் மௌரர் என்ற கம்பெனியை வாங்கியவர்கள் அந்தப் பெயரிலேயே விற்றார்கள். பிரெய்ரி ஸ்டேட், யூஃபோனான் என்ற பெயர்களும் உண்டு. மில்வாக்கி நகரின் ஸ்டால், செயின்ட் பால் நகரின் டையர் போன்ற வியாபாரிகளுக்குச் செய்து கொடுத்தவை அந்தந்தக் கடையின் பெயரோடு போயின. இன்று சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆனால் பாட்டனார் விட்டுப்போன கிட்டாரில் 'டையர்' என்ற சீட்டைப் பார்க்கும் பேரனுக்கு அது எப்படித் தெரியும்? பெயர்பெற்ற கம்பெனிகளான மார்ட்டினும் இல்லை, கிப்சனும் இல்லை என்று வீட்டுச் சாமான்களோடு சேர்த்துத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம்.

அப்படித் தள்ளிவிட்ட பிறகு உண்மை தெரிந்தால் சட்டம் மீட்டுத் தருமா? பெரும்பாலும் தராது. அரிசோனாவில் 1996இல் இறந்த ஒருவரின் வீட்டுப் பொருள்களை விற்றபோது இரண்டு ஓவியங்கள் 60 டாலருக்குப் போயின. விலை குறிக்க வந்த பெண்மணி, தனக்கு ஓவியங்களை மதிப்பிடத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வாங்கிய தம்பதியர் பிறகு அவற்றைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டபோது கிடைத்தது 10,72,000 டாலர். மார்ட்டின் ஜான்சன் ஹீட் என்ற பெயர்பெற்ற ஓவியரின் படைப்புகள் அவை. விற்ற தரப்பு வழக்குப் போட்டது. அரைகுறையாகத்தான் தெரியும் என்று அறிந்தே விற்றவர்கள் அந்த அபாயத்தையும் சேர்த்தே ஏற்றவர்கள் என்று 2000இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஓவியத்துக்குச் சொன்ன அதே நியாயம் கிட்டாருக்கும் பொருந்தும்.

ஆகவே தேடவேண்டியதை விற்பதற்கு முன்பே தேட வேண்டும். தலைப்பகுதியில் இருக்கும் பெயரைப் பார்ப்பது முதல் வேலை அல்ல. ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஒலித்துளை வழியே உள்ளே பார்ப்பதுதான் முதல் வேலை. மேல்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் நடுவே கருமையான மெல்லிய மரத்துண்டு ஒன்று அடுக்காக ஒட்டப்பட்டிருந்தால் லார்சன்களை நினைக்கலாம்; அந்த அடுக்குச் சட்டத்துக்கு ஆகஸ்ட் லார்சன் 1904இல் காப்புரிமை பெற்றார். கம்பித் தந்தியின் இழுப்பைத் தாங்குவதற்கான ஏற்பாடு அது.

மார்ட்டின் என்றால் வேலை கொஞ்சம் எளிது. 1898 முதல் அந்தக் கம்பெனி 8000இல் தொடங்கி வரிசை எண் போட்டது. பெரும்பாலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து உள்கட்டையில் அது பதிந்திருக்கும். எந்த ஆண்டில் எந்த எண் என்ற பட்டியலைக் கம்பெனியே வெளியிட்டிருக்கிறது. எண்ணே இல்லையென்றால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், அதற்கும் முந்தியதாக இருக்கலாம். 'நியூயார்க்' என்ற முத்திரையைப் பார்த்து அங்கே செய்தது என்றும் நம்ப வேண்டாம். பட்டறை பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் 1898 வரை அதே முத்திரைதான் குத்தினார்கள். கிப்சன் எண்களை நம்பி இறங்குவது இன்னும் ஆபத்து. 1960களில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எண்ணோடு அமைப்பு, பாகங்கள், மேல்பூச்சு எல்லாம் ஒத்துப்போனால்தான் ஆண்டைச் சொல்ல முடியும்.

மேல்பூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மங்கிப்போயிருக்கிறதே என்று பாலிஷ் போட்டு விற்பவர்கள் உண்டு. செய்யவே கூடாத காரியம். பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்த கிட்டாரின் விலை பாதியளவுக்கு இறங்கிவிடும் என்பது இந்த வியாபாரத்தில் வழக்கமான கணக்கு. இருட்டறையில் புற ஊதா விளக்கடித்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஒரு விதமாக ஒளிரும், பிற்காலத்து ஒட்டுவேலை வேறு விதமாகத் தெரியும்.

அபூர்வம் என்பதற்காகவே விலை ஏறிவிடுவதும் இல்லை. மார்ட்டின் டி-18ஈ மாடலில் 302 கிட்டார்கள்தான் செய்யப்பட்டன. ஒலிப்பலகையைத் துளைத்து மின்சாதனங்களைப் பொருத்தியதால் இசைக்கலைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவற்றில் ஒன்று 2020இல் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனதற்குக் காரணம், 1993இல் எம்டிவி நிகழ்ச்சியில் ராக் பாடகர் கர்ட் கோபேன் அதை வாசித்தார் என்பதுதான். புகழ்பெற்றவர் வாசித்தது என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை, சான்று வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1962இல் வாங்கி அடுத்த ஆண்டே காணாமல் போன கிப்சன் ஜே-160ஈ, அமெரிக்காவில் பழைய சாமானாகச் சில நூறு டாலருக்குக் கைமாறியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வரிசை எண்ணையும், பழைய புகைப்படங்களில் தெரிந்த மர ரேகைகளையும் ஒப்பிட்டுத்தான் அது இன்னதென்று உறுதி செய்தார்கள். மர ரேகை கைரேகை மாதிரி, இன்னொன்றில் அப்படியே அமையாது. 2015 ஏலத்தில் அதன் விலை 24 லட்சம் டாலர். வீட்டில் பழைய கிட்டார் இருப்பவர்கள் தெளிவான படங்களை எடுத்து வைப்பது இதற்காகவும்தான். திருட்டுப் போனால் இது தன்னுடையதே என்று நிரூபிக்க அந்தப் படம் உதவும்.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது எந்த விலை வேண்டும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டுக்கான விலை வேறு, கடையில் விற்கும் விலை வேறு, நாளைக்கே காசு வேண்டுமென்றால் கிடைக்கும் விலை வேறு. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கும். "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவர் சொல்லும் மதிப்பை மதிப்பாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று கேட்பவரையும் தவிர்க்கலாம். அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான நெறிமுறை அதைத் தடுக்கிறது. தொகை எதுவானாலும் எழுதிய அறிக்கையாக வாங்க வேண்டும்.

வாங்குபவர் பக்கம் சட்டம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. 1930களில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் எஃப்ரெம் ஸிம்பலிஸ்ட், ஸ்ட்ராடிவாரியஸ் ஒன்று, குவார்னேரியஸ் ஒன்று என்று ரசீதில் எழுதி 8,000 டாலருக்கு இரண்டு வயலின்கள் வாங்கினார். 2,000 கொடுத்த நிலையில் இரண்டும் அந்த மேதைகள் செய்தவை அல்ல என்று தெரிந்தது. பாக்கியைக் கேட்டு விற்றவர் வழக்குப் போட, கலிபோர்னியா நீதிமன்றம் 1934இல் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ரசீதில் இருந்த வர்ணனையே உத்தரவாதம் ஆகிவிட்டது. இப்போதைய அமெரிக்க வணிகச் சட்டமும் இதையே சொல்கிறது. "பிற்காலத்தில் பெரிய விலை போகும்" என்பது வெறும் அபிப்பிராயம். "1943இல் செய்த டி-28, பூச்சு அசல்" என்பது உத்தரவாதம். இரண்டாவது வகை வாசகத்தை ரசீதில் எழுதி வாங்கினால் பிற்பாடு பேச இடமுண்டு. பொதுவாகப் பொருளைப் பெற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஏமாற்றம் தாமதமாகத் தெரிந்தது என்று சொன்னால் பொதுவாக எடுபடாது. வாங்கிய கையோடு வேறொரு நிபுணரிடம் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

எல்லை கடக்கும் கிட்டாருக்கு மரமே வில்லங்கம் ஆகலாம். மார்ட்டின் கம்பெனி 1969 வரை டி-28 போன்ற கிட்டார்களின் பின்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. அந்த மரம் கிடைப்பது அரிதானதும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் ஈட்டி, தோதகத்தி என்று அழைக்கப்படும் மரம்தான் அது. இந்திய மரத்தில் செய்து முடித்த கிட்டாருக்கு 2019 நவம்பர் முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. பிரேசில் மரமோ 1992 ஜூன் முதல் அதன் வணிகத் தடைக்குரிய முதல் பட்டியலில் இருக்கிறது. அதில் செய்த பழைய கிட்டாரை வேறு நாட்டுக்கு விற்க வேண்டுமானால், மரம் தடைக்கு முந்தியது என்ற அரசுச் சான்றிதழ் தேவை. தந்தத்தில் பிரிட்ஜோ ஓரப்பட்டையோ இருந்தால் கெடுபிடி இன்னும் அதிகம். "கூரியரில் போட்டுவிடுகிறேன், ஒன்றும் ஆகாது" என்று விற்பவர் சொன்னால், சான்றிதழின் நகல் கைக்கு வரும்வரை பணம் அனுப்பாமல் இருப்பது நல்லது. சுங்கத்தில் பிடிபட்டால் கிட்டார் பறிமுதல் ஆகலாம்.