வங்கிச் சீர்திருத்தமும் பூட்டுப் பட்டறையும்

திண்டுக்கல் பூட்டின் பெருமையை நீங்கள் அறிவீர்கள். அதைச் செய்யும் பட்டறைத் தொழிலாளி தகடு வாங்கி, அரத்தால் ராவி, பூட்டாக்கி விற்றுப் பணம் காணும்வரை அவருக்கு முதல் வேண்டும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி விவசாயிக்கும் அதே நிலைதான். மண்டியில் முன்பணம் பெற்றால் விளைச்சலை அந்த மண்டிக்கே கொண்டுசெல்ல நேரும்; விலை பேசும் உரிமை குன்றும். இவ்விருவருக்கும் வங்கி கடன் தருமா என்பதே, வங்கிச் சீர்திருத்தம் என்னும் பெரிய சொல்லுக்கு நம் ஊரில் உள்ள பொருள்.

1969 ஜூலை 19-ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாடு முழுவதிலும் எண்ணாயிரத்துச் சொச்சம் கிளைகளே இருந்தன. கிராமக் கிளைகள் அவற்றுள் காற்பங்குகூட இல்லை. 1990-இல் கிளைகள் ஏறத்தாழ 60,000. பாதிக்கு மேற்பட்டவை கிராமங்களில். வேளாண்மை, சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குக் கடனில் நூற்றுக்கு 40 பங்கு என்ற விதியும் ஏற்பட்டது.

நிற்க. இவ்வாறு மக்களை நாடி வந்த வங்கியின் உடல்நலம் எவ்வாறு இருந்தது? கடனாளி கட்டாத வட்டியையும் வருமானமாகக் கணக்கில் எழுதும் வழக்கம் இருந்தது. தேர்வுக்கே வராத மாணவனுக்கு மதிப்பெண் இடுவது போன்றது இது! நரசிம்மம் குழுவின் 1991-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. கணக்கைத் திருத்திப் பார்த்தபோது, 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகள் கொடுத்திருந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் 23 ரூபாய் வாராக்கடன் எனத் தெரிந்தது. சேமித்தவருக்கோ முழுத் தொகைக்கும் வட்டி தந்தாக வேண்டும். இக்குறையை ஒழுங்காகக் கட்டும் கடனாளி கூடுதல் வட்டியால் தாங்க வேண்டும். அன்றேல் அரசு வரிப்பணத்தை முதலாக இட்டுத் தாங்க வேண்டும். இரண்டும் நிகழ்ந்தன.

புதிய ஒழுங்கினால் அந்த 23 ரூபாய், 2008-இல் இரண்டு ரூபாய் அளவுக்கு இறங்கிற்று. ஆயின் அதற்கு ஒரு விலை உண்டு. 2004 முதல், தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் அது வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு இரு பருவங்கள் பொறுப்பார்கள். பட்டறைக்கு அச்சலுகை இல்லை. மேலும், 20,000 ரூபாய்க் கடனை ஆராயவும் 20 இலட்ச ரூபாய்க் கடனை ஆராயவும் மேலாளருக்கு உழைப்பில் பெரிய வேறுபாடில்லை. வருமானத்திலோ மிக உண்டு. 1990-களில் சிறுகடன்களின் பங்கு சுருங்கியதற்கு இஃது ஒரு காரணம். முன்னுரிமைக் கடனை 40-இலிருந்து 10 பங்காகக் குறைக்குமாறும் குழு கூறியிருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நம் பட்டறைகள் வட்டிக்கடை வாசலுக்கே திரும்பியிருக்கும் என்பது என் துணிபு. சிறியவர்களை ஐயுறுவோர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். 2018 மார்ச்சில் வாராக்கடன் மீண்டும் நூற்றுக்கு 14-க்கு மேல் ஏறியபோது, அதன் பெரும்பகுதி பெருந்தொழில்கள் வாங்கிய கடனே.

சிறுகடனின் செலவைக் குறைக்க வேறொரு வழியும் பிறந்தது. 1992-இல் நபார்டு தொடங்கிய திட்டத்தின்படி, பத்து முதல் இருபது பேர் கொண்ட சுய உதவிக் குழு முதலில் தாமே சேமித்து, பின்பு ஈடின்றி வங்கிக் கடன் பெறுகிறது. இருபது வீடுகளுக்கும் வங்கியில் ஒரே கணக்கு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களே அவள் வீட்டுக்குச் சென்று கேட்கிறார்கள். அவ்வாறு மனைவி பெற்ற கடன், கணவரின் பட்டறையில் பித்தளைத் தகடாக மாறுவதும் உண்டு.