காப்பீட்டு அட்டையில் அடங்காத கணக்கு

திருமானூர் பக்கம் மூச்சு இரைப்பு முற்றியவர்களுக்கு வழி இரண்டு. ஒன்று அரியலூர். மற்றொன்று, கொள்ளிடப் பாலம் தாண்டி, திருவையாறு வழியே தஞ்சாவூர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பெரிய வைத்தியத்துக்கு வெளியூர்தான்.

இரண்டு ஊரிலும் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. அப்படியிருந்தும் பீடியால் நுரையீரல் கெட்ட கூலித் தொழிலாளியின் வீடு கடனில் விழுவது ஏன்? நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போக முடியாத நாள்களின் கூலியை எந்த அட்டையும் தராது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மனைவியும் வேலைக்குப் போவதை நிறுத்தினால் இரண்டு கூலி நின்றுபோகிறது. தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான்.

நாட்டின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. புகையிலை நோய்களாலும் சாவுகளாலும் 2017-18-இல் இந்தியா இழந்தது 1,77,341 கோடி ரூபாய் என்று பொருளியலாளர் ரிஜோ ஜானும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். 35 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு இது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல். இதில் வைத்தியச் செலவு 22 சதவீதம்தான். மீதி 78 சதவீதமும் போன உழைப்பு, போன உயிர். அந்த 22 சதவீதமே நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 5.3 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. புகையிலைக் கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், சமுதாயத்துக்கு 816 ரூபாய் நட்டம்.

பீடியின் கணக்கு இன்னும் மோசம். 2017-இல் பீடி புகைப்பதால் ஏற்பட்ட இழப்பு சுமார் 80,550 கோடி. 2016-17-இல் பீடியிலிருந்து வந்த கலால் வரியோ சுமார் 417 கோடி! ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த கூடுதல் தீர்வையைப் பீடிக்கு விதிக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பீடி வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு இதற்குச் சொல்லப்படும் காரணம். திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் அந்தப் பிழைப்பு எவ்வளவு கடினமானது என்பது ஊரறிந்தது. ஆனால் வரியில் குறைத்த பணம் அவர்களுடைய கூலியில் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மலிவான பீடி கூலிக்காரர் பையில் எளிதாகப் போய்ச் சேரும் என்பது மட்டும் உறுதி.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. எந்த வயதில் பீடியை விட்டாலும், மேலும் கெடுவது மட்டுப்படும். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் பீடியை விடுவதற்கு ஆலோசனை கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் திண்ணையில் உட்கார்ந்து, “பீடி உண்டாங்க?” என்று கேட்டு, இந்த எண்ணையும் எழுதிக் கொடுப்பதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. மூச்சு இரைக்கத் தொடங்கும் முன்பே அது நடக்க வேண்டும்.