தீவகத்துப் பழைய மனைகளும் அவற்றின் புனருத்தாரணமும்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் வழிப்போக்கர், தெருவின் இருமருங்கும் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகள் பலவற்றைக் காண்பர். சங்கடப்படலை நிற்கும், அதற்கப்பால் வீடு நில்லாது. நாற்சார் வீட்டின் நடுவே, முன்னாளில் ஒடியல் உலர்ந்த முற்றத்தில், இன்று ஆலும் வேம்பும் நிழல் செய்யும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இக்காட்சி சிறிதளவே வேறுபடும்.

இவ்வீடுகளுட் பெரியன பல, தீவக மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகர்களிலும் கடை வைத்து ஈட்டிய பொருளால் எழுந்தவை. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்கள் அவ்வாணிகத்தை அலைத்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்துட் புகுந்தபோது ஊர்கள் பல ஏறக்குறைய முற்றாக வெறுமையாயின. ஆளில்லாத வீட்டிற் கதவும் யன்னலும் கழன்றன. பின் ஓடும் கைமரமும் போயின. கூரை போனபின் எஞ்சிய வேலையை மழை செய்தது.

போர் 2009 இல் முடிந்தபின் இம்மனைகளை நாடுவோர் இருவகையினராயினர். கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து மூதாதையர் வீட்டை மீட்க எண்ணி வருவோர் ஒரு வகையினர். உள்ளூரிற் சேமித்த சிறு பொருளைக்கொண்டு, புதிதாகக் கட்டுவதிலும் பழையதைத் திருத்துவது மலிவு எனக் கருதுவோர் மற்றொரு வகையினர். பின்னவர் கருத்து முற்றும் பிழையன்று. ஆயினும் பாழ்மனையின் விலை வேறு, அதனை வீடாக்கும் செலவு வேறு என்பதை அவர் முன்னரே அறிதல் வேண்டும்.

சிசிலித் தீவிலுள்ள சம்பூக்கா என்னும் மலையூர் 2019 இல் தன் பாழ்வீடுகளை ஒரு யூரோவை ஆரம்ப விலையாக வைத்து விற்கத் தொடங்கியதையும், வாங்குவோர் மூன்றாண்டுகளுட் புதுக்குதல் வேண்டுமென விதித்ததையும் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர். தீவகத்திலும் அவ்வாறு செய்தலாகாதோ என வினவுவோர் உளர். அங்கே, 1968 ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தின் பின் கைவிடப்பட்ட அவ்வீடுகள் நகரசபையின் உடைமையாகியிருந்தன, விற்பவர் ஒருவரே. தீவகத்து வீட்டை விற்பவர் யார் என்பதே இங்கு முதல் வினா.

வடமாகாணத் தமிழரின் ஆதனத்தை ஆளும் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பெற்றது. வீடு பெரும்பாலும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது இந்நாட்டு வழக்கு. சீதன உறுதி எழுதப்படாது பெற்றோர் இறந்தவிடத்து மக்கள் அனைவரும் பிரிபடாத பங்காளிகளாவர். அவருள் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் வவுனியாவில். நான்காமவர் இறந்து அவர் பங்கு மூவர்க்குச் சென்றிருக்கும். இவ்வாறு இரண்டு தலைமுறை கழியின், அரைக்கால் வீட்டின் அரைக்காலுக்கு உரியவர் யாரென ஊரிலே சொல்லவல்லவர் ஓரிரு முதியோரே. 1991 இல் நடுவயதினராய்ப் பெயர்ந்தோர் இன்று முதுமை எய்தினர். அவர் நினைவிலுள்ள எல்லையும் வம்சாவளியும் எந்த ஏட்டிலும் இல்லை. சுவரை இடித்தும் கட்டலாம். இந்நினைவு போனால் மீளாது. ஆதலின் வாங்க எண்ணுவோர் மேசனாரிடஞ் செல்லுமுன் முதியோரிடஞ் செல்வது நன்று.

1947 ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டம் கூட்டுடைமையாளர்க்கும் விற்பவரின் உரிமை வாரிசுகளுக்கும் வாங்குவதில் முதலுரிமை தருகின்றது; அவர்க்கு முறைப்படி அறிவியாது முடித்த உறுதி பின்னர் வழக்கிற் சிக்கும். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். இது காலத்துக்கு ஒவ்வாதது என்பர் பலர். ஆயினும் நொத்தாரிசு அதனைக் கேட்பார். இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றார்க்கு அத்தடை இல்லை.

குடியிருப்போர் பற்றியும் ஒரு சொல். ஆளற்ற வீடுகள் சிலவற்றில் இடம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்கள் பல்லாண்டு வாழ்ந்தன. பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது பழைய ஆட்சியுரிமைச் சட்டம். எனினும் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலம், போரினால் தம் உரிமையைக் கேட்க இயலாதிருந்தவர்க்கு எதிராகக் கணக்கிடப்படலாகாது என 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. சட்டம் எவ்வாறாயினும், இன்றுங் கூரையோடு நிற்கும் வீடு கூரையோடு நிற்பது அதில் விளக்கேற்றியவர்களாலேயே என்பதை மறத்தல் அறமன்று. அவரை வெறுங்கையோடு வெளியேற்றித் தொடங்கும் திருப்பணி நற்பெயர் பெறாது.

உறுதி முடிந்தபின் சுவரைப் பார்க்கலாம். தீவகத்துப் பழஞ்சுவர், சிறப்பாக நெடுந்தீவுச் சுவர், முருகைக்கல்லாலாயது. அத்தீவில் வேலியும் முருகைக்கல்லே; சாந்தின்றிக் கல்லின்மேற் கல்லடுக்கி நிற்பது. இக்கல் நுண்டுளைகள் நிறைந்தது; கனங்குறைந்தது; வெயிலை உள்விடாதது. அதனைப் பிணித்தது சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்து. கல்லும் சாந்தும் ஒருங்கே ஈரத்தை உறிஞ்சி ஒருங்கே வெளிவிடும். கடற்காற்றும் நிலத்தின் உவரும் கொணரும் உப்பு, ஈரம் உலருமிடத்தில் மணியாய்த் திரளும். சுண்ணப்பூச்சு அதனை மேற்பரப்பிலே பூக்கவிட்டு உதிரும்; பூச்சுத் தேயும், கல் பிழைக்கும்.

காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தி தொடங்கியபின் சீமெந்து எளிதாயிற்று; சுண்ணாம்புச் சூளைகள் மெல்ல அவிந்தன. அத்தொழிற்சாலை 1990 இல் மூடப்பட்டும் பழக்கம் மாறவில்லை. இன்று பழஞ்சுவரைத் திருத்துவோர் அதன்மேற் சீமெந்து பூசுவதையே திருத்தமெனக் கொள்கின்றனர். முதலாண்டில் அஃது அழகாகவே இருக்கும். ஆனால் வன்பூச்சின் வழியே ஈரம் வெளியேற மாட்டாது; உப்புப் பூச்சின் பின்னே திரண்டு, சில மாரிகளின் பின் பூச்சைத் தள்ளும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வீழும். பழஞ்சுவரின் தலையிற் கொங்கிறீற்று வளை வைப்பதும் இத்தகையதே. உப்பேறிய கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற்றைப் பிளக்கும்.

கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. கடலுயிர்களின் பொருட்டு அத்தடை வேண்டியதே. ஆகவே உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் கடலிலிருந்து வாராது. அவ்வளவில் வீழ்ந்துகிடப்பதே முதல். இடிபாட்டை உழவு இயந்திரத்தில் ஏற்றித் தெரு நிரப்பக் கொடுப்போர், பின்னர் எவ்விலைக்கும் பெற இயலாததைக் கொடுக்கின்றனர். கல்லைத் தரம் பிரித்து அடுக்கி வைத்து, சுண்ணாம்பை நன்னீரில் நீற்றிப் பல கிழமை ஊறவைத்து, உப்பகலக் கழுவிய மணலோடு குழைத்து மெல்லெனக் கட்டுதலே முறை. சாந்திற் கருப்பநீர் அல்லது பனங்கட்டி கரைத்த நீர் சேர்க்கும் பழைய கைப்பழக்கம் அறிந்த மேசனார் அருகிவிட்டனர். அத்தகைய ஒருவர் கிடைப்பின், கூலி அதிகமெனினும் கொடுக்கலாம். இளைஞர் இருவரை அவரோடு விடுதல் இன்னும் நன்று.

கூரைக்கு முற்றிய பனையின் வைரமே இந்நாட்டு மரம். ஈரந்தாக்காத பழஞ்சலாகை ஒரு நூற்றாண்டு கடந்தும் உளியை மழுக்கும். ஆதலின் கழற்றியவற்றை விறகென எண்ணலாகாது. ஓடாவியைக்கொண்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சுவரிற் பதிந்திருந்த நுனிகளை மட்டும் அறுத்து நீக்கினால் மிகுதி பயன்படும். புதிய பனை தறிக்க அனுமதி வேண்டும். நாற்சார் வீட்டில் இரு கூரைகள் கூடுமிடத்துப் பீலி ஒழுகாதிருப்பின் வீடு நிற்கும். ஒழுகினால் முதலிற் சாய்வது அம்மூலையே.

நெடுந்தீவில் இவை யாவும் படகிலே வரவேண்டும். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோழகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் இருமுறை ஏற்றுகூலியும் இறக்குகூலியும் உண்டு. நயினாதீவுக்குப் பயணம் குறுகியதாயினும் ஏற்றியிறக்கும் செலவு அதுவே. ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தாம்போதியால் இணைந்தமையின் அங்கே வேலை எளிது. சாந்து குழைக்கும் நீரும் எல்லாக் கிணற்றிலுங் கிடையாது. உவர்க் கிணற்றுநீரிற் குழைத்த சாந்து தொடக்கத்திலேயே உப்பைச் சுவருள் வைப்பதாகும்.

பொருள் முழுவதும் கையில் இல்லாதோர் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஐப்பசியில் வாடை மழை தொடங்குமுன் சுவரேறிய ஆலங்கன்றுகளை அடியில் அறுத்தல் வேண்டும். பிடுங்கலாகாது, வேரோடு கல்லும் வரும். பின் திறந்துகிடக்கும் சுவர்த்தலைகளைச் சுண்ணச்சாந்தால் மூடி, மேலே கிடுகு வேய்ந்து விடுதல் வேண்டும். அவ்வளவு செய்த சுவர், பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிடும்வரை காத்திருக்கும்.