கட்டியைக் காட்டிக்கொடுக்கும் கொழுப்பு

கையில் ஒரு கட்டி வந்தால், மருத்துவர் அதில் சிறு துண்டை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். அது எத்தகைய கட்டி என்று தெரிந்துவிடும். அதே கட்டி மூளைக்குள் இருந்தால்? மண்டை ஓட்டில் துளையிட வேண்டும். பேச்சையோ கைகால் அசைவையோ இயக்கும் பகுதிக்கு அருகில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான், கத்தி வைப்பதற்கு முன்பே கட்டியை அடையாளம் காண எம்.ஆர்.ஐ. படத்தை நாடுகிறார்கள்.

மூளை நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் செல்களில் தோன்றும் கட்டிக்குக் கிளியோமா என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனம் இதை 1 முதல் 4 வரை தரம் பிரித்துள்ளது. தரம் குறைந்தவை மெதுவாக வளரும். 4-ஆம் தரமான கிளியோபிளாஸ்டோமா வேகமாகப் பரவும். தரத்துக்கு ஏற்பச் சிகிச்சையும் மாறும்.

வழக்கமாக, காடோலினியம் கலந்த மருந்தை இரத்தத்தில் செலுத்திப் படம் எடுப்பார்கள். இரத்தக் குழாய்கள் கசியும் இடம் வெண்மையாகத் தெரியும். வீரியமான கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் காட்சி தரும். ஆனால், மெதுவாக வளரும் சில கட்டிகளும் வெண்மையாகத் தெரிவதுண்டு. வீரியமான சில தெரியாமல் ஏமாற்றுவதும் உண்டு. எனவே இன்னொரு சாட்சி தேவைப்படுகிறது.

நம் நாட்டு ஆய்வு

அந்தச் சாட்சியைக் கொழுப்பில் தேடினார்கள், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நோர்லிசா ரம்லியும் அவருடைய குழுவினரும். அவர்களின் ஆய்வு 2016-இல் 'யூரோப்பியன் ரேடியாலஜி' இதழில் வெளிவந்தது.

வீரியமான கட்டிக்குள் செல்கள் சிதைந்து மடியும்போது நுண்ணிய கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. அவற்றை எம்.ஆர்.ஐ. எப்படிக் காண்கிறது? 3 டெஸ்லா காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ் அளவில் சமிக்ஞை தருகின்றன. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன், நீரிலுள்ளதைவிடச் சற்று மெதுவாக அதிர்கிறது. வித்தியாசம் விநாடிக்கு சுமார் 440 அதிர்வுகள் மட்டுமே!

பூங்காவில் இரண்டு ஊஞ்சல்களை ஒன்றாகத் தள்ளிவிடுங்கள். ஒன்று சற்று மெதுவானது என்றால், சிறிது நேரத்தில் ஒன்று முன்னே போகும்போது மற்றொன்று பின்னே வரும். பிறகு இரண்டும் மீண்டும் சேர்ந்து ஆடும். நீரும் கொழுப்பும் அப்படித்தான். சேர்ந்து ஆடும் கணத்தில் ஒரு படம். எதிரெதிராக ஆடும் கணத்தில் இன்னொரு படம். முதலாவதில் சமிக்ஞைகள் கூடும்; இரண்டாவதில் ஒன்றையொன்று கழிக்கும். கொழுப்பு உள்ள இடம் இரண்டாவது படத்தில் மங்கிவிடும். அந்த மங்கல் எவ்வளவு என்று அளந்தால், கட்டியின் தரத்தைப் பிரித்தறிய உதவும் என்று குழுவினர் கண்டனர்.

கல்லீரலில் சேரும் கொழுப்பைக் கண்டறிய ஏற்கெனவே பயன்பட்டுவந்த முறை இது. இதற்கெனத் தனிக் கருவியோ ஊசியோ தேவையில்லை. ஆயினும், இறுதி முடிவு திசுவைச் சோதித்த பிறகுதான். படம் வழிகாட்டும், தீர்ப்புச் சொல்லாது.

மாணவர்களே, படிவம் 4 இயற்பியலில் அலைகளின் 'இந்தெர்ஃபெரன்ஸ்' பாடம் வரும்போது, "இதனால் என்ன பயன்?" என்று கேட்கத் தோன்றும். கூடும் அலையும் கழிக்கும் அலையும் ஒரு நோயாளியின் மூளைக்குள் எதைத் தேடுகின்றன என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.