ஸ்குவிப் தோட்டா

ஸ்குவிப் தோட்டா என்பது, சுடும்போது போதிய அழுத்தம் உண்டாகாததால் குண்டு மிகக் குறைந்த வேகத்தில் வெளியேறும் அல்லது துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் தோட்டா ஆகும். ஐக்கிய அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேகரித்து வீட்டிலேயே மீண்டும் நிரப்புவது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை இவ்வாறு நிரப்புவோர் மிகவும் அஞ்சும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

ஆபத்து எங்கே உள்ளது?

தோட்டாவில் கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு என நான்கு பகுதிகள் உண்டு. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பிரைமர் தீப்பொறியை எழுப்பும். அது வெடிமருந்தைப் பற்றவைக்க, உண்டாகும் வாயு குண்டை முன்னே தள்ளும். கூட்டில் வெடிமருந்தே இல்லாவிட்டாலும், பிரைமரின் விசை மட்டுமே குண்டைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளிவிடக்கூடும்.

சிக்கிய குண்டைவிட அடுத்து சுடப்படும் தோட்டாவே பெரிய ஆபத்து. அடைபட்ட குழலில் இன்னொரு குண்டு பாய்ந்தால் அழுத்தம் திடீரென உயரும். குழல் புடைக்கலாம், வெடிக்கலாம்; சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் காயம் ஏற்படலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

நடிகர் புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ, 1993 மார்ச்சில் வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டனில் 'தி குரோ' படப்பிடிப்பின்போது சுடப்பட்டு, மார்ச் 31 அன்று உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28. உண்மையான தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை மட்டும் அகற்றி, போலித் தோட்டாக்கள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் எஞ்சியிருந்த பிரைமர், குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டது. அதை எவரும் கவனிக்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத் தோட்டா சுடப்பட்டபோது, சிக்கியிருந்த குண்டு பாய்ந்து அவரைத் தாக்கியது.

அறிகுறிகள்

வழக்கமான வெடியோசைக்குப் பதிலாக மெல்லிய 'பட்' என்ற ஒலி, குறைவான பின்னுதைப்பு, இலக்கில் துளை இல்லாமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். தானியங்கி வகையில் மேற்பகுதி முழுமையாகப் பின்னகராமல் போகலாம். அதை வெறும் தடை என எண்ணி, கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதே பல விபத்துகளுக்குக் காரணம். ரிவால்வரில் குண்டு உருளைக்கும் குழலுக்கும் இடையே நின்று, உருளையைச் சுழலவிடாமல் தடுக்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. சுடுவதை நிறுத்த வேண்டும். தோட்டா தாமதமாக வெடிக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே துப்பாக்கி முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் குறைந்தது 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும்.
2. எல்லாத் தோட்டாக்களையும் அகற்றிய பின்னரே குழலைச் சோதிக்க வேண்டும்.
3. சிக்கிய குண்டை இன்னொரு தோட்டாவால் சுட்டு வெளியேற்ற முயலக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.
4. அதே தொகுதியில் நிரப்பிய மற்றத் தோட்டாக்களைச் சுடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

ஒதுக்கிவைத்த தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். கூடு காலியாக இருந்தால், வேலை இடையில் தடைப்பட்டு ஒரு கூடு வெடிமருந்து பெறாமல் கடந்திருக்கலாம். அளவு குறைந்திருந்தால், அளக்கும் கருவியில் மருந்து பாலம்போல் அடைத்துக்கொண்டிருக்கலாம். மருந்து எரியாமல் கட்டியாக இருந்தால், ஈரமோ எண்ணெயோ கலந்திருக்கலாம்.

முடிந்த தோட்டாவை எடைபோட்டு இப்பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்பது நம்பத்தக்கதன்று. 9 மி.மீ. தோட்டாவில் உள்ள மருந்து அரைக் கிராமிற்கும் குறைவே. கூடுகளுக்கும் குண்டுகளுக்கும் இடையிலான எடை வேறுபாடே அதை மறைத்துவிடக்கூடும்.

தடுப்பு

குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் உள்ளே பார்ப்பதே எளிய, நம்பகமான முறை. மருந்தில்லாத கூடும், இருமடங்கு மருந்து விழுந்த கூடும் அப்போதே தெரிந்துவிடும். பேச்சு, தொலைக்காட்சி போன்ற கவனச்சிதறல்களைத் தவிர்க்க வேண்டும். இடையில் எழுந்து சென்றால், திரும்பியதும் இயந்திரத்தில் உள்ள எல்லாக் கூடுகளையும் எடுத்துச் சரிபார்த்த பின்னரே தொடர வேண்டும்.